பெப்ரவரி லேக்கில பாடில் போர்ட்: குளிரை விட காத்துக்குத்தான் பயப்பிடோணும்

ஸ்காபரோவில இருந்துகொண்டு பனிக்காலத்தில பாடில் போர்ட் (மேல நிண்டு துடுப்புப் போட்டுப் போற பலகை) தூக்கிக்கொண்டு லேக்குக்குப் போறன் எண்டு சொன்னா எங்கட ஆக்கள் கேக்கிற முதல் கேள்வி "உனக்கென்ன விசரே?", ரெண்டாவது "லேக் உறையேல்லையோ?". முதலாவதுக்கு என்னட்ட பதில் இல்லை. ரெண்டாவதுக்கு இருக்கு. ஒன்ராறியோ ஏரி லேசில உறையாது, சராசரி ஆழமே 86 மீற்றர், ஆகக்கூடின இடத்தில 244 மீற்றர், அவ்வளவு தண்ணியும் கோடையில வாங்கி வச்ச சூட்டை விட்டு முடிக்கிறதுக்குள்ள பனிக்காலமே முடிஞ்சு போயிடும். பக்கத்தில இருக்கிற ஈரி ஏரி சராசரி 19 மீற்றர்தான், அதாலதான் அது கனக்க வருசம் முக்கால்வாசிக்கு மேல மூடிப்போடும். எங்கட பக்கம் கரையோரம் கட்டி கட்டியா ஐஸ் நிக்கும், நடு லேக் திறந்துதான் கிடக்கும்.

சரி, ஏன் குளிருக்க போகோணும், கோடையில போனா என்ன எண்டு கேட்டா, கோடையில அலை இல்லை. அவ்வளவுதான். கடல் மாதிரி எங்கயோ தூரத்தில எழும்பின அலை இங்க வந்து சேராது, இங்க காத்து அடிச்சாத்தான் அலை, அதுவும் கிழக்குக் காத்து வேணும். ஏரி நீட்டுக்கு 311 கிலோமீற்றர், அந்த நீட்டுப்பாட்டில காத்து தள்ளிக்கொண்டு வந்தாத்தான் ரொறன்ரோ கரையில போர்டில ஏறி நிக்கக்கூடிய அலை வரும். அப்பிடிப்பட்ட காத்து பெரும்பாலும் ஒக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையிலதான். அறுகம்பேயில சோட்ஸோட நிண்டு சேர்ஃப் பண்ணுற மச்சான்மார் படம் அனுப்பி வயித்தெரிச்சல் கிளப்புவினம், என்ன செய்யிறது, எங்களுக்குக் கிடைச்ச அலை இதுதான்.

முதல் விசயம், வெளிய எத்தினை டிகிரி எண்டு பாத்து உடுக்காதேங்கோ. தண்ணி எத்தினை டிகிரி எண்டு பாருங்கோ. பெப்ரவரி மார்ச்சில மேல்தண்ணி 1இலயிருந்து 3 டிகிரி அளவில நிக்கும், அது எல்லாருக்கும் தெரியும், அதால ஆக்கள் கவனமாத்தான் இருப்பினம். என்னைக் கேட்டா ஆபத்தான மாசம் ஏப்ரல் கடைசி. வெயில் எறிக்கும், வெளிய 15 டிகிரி, பாக்கில பிள்ளையள் ரீ சேர்ட்டோட ஓடித்திரியும், தண்ணி மட்டும் அப்பவும் 4, 5 டிகிரியில கிடக்கும். காத்தை விட தண்ணி உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு கெதியா உருவி எடுக்கும். அந்த வெயிலைப் பாத்து சோட்ஸோட போர்ட் வாடகைக்கு எடுத்துக்கொண்டு இறங்கிற ஆக்களைக் கண்டா எனக்கு வயித்தைக் கலக்கும்.

மனிடோபா பல்கலைக்கழகத்தில கோர்டன் கீஸ்பிரெக்ட் எண்டு ஒரு பேராசிரியர், தானே ஐஸ் தண்ணிக்க இறங்கி இறங்கி ஆராய்ச்சி செய்தவர், அவர் சொல்லிக்குடுத்த கணக்கு 1-10-1. விழுந்தவுடன 1 நிமிசம் மூச்சு உங்கட சொல் கேக்காது, தன்ரபாட்டில இழுக்கும், அந்த நேரம் வாய் தண்ணிக்க இருந்தா கதை முடிஞ்சுது. அடுத்த 10 நிமிசம் கையும் காலும் ஒழுங்கா வேலை செய்யும், செய்ய வேண்டியதெல்லாம் அதுக்குள்ள செய்யோணும். மயக்கம் வர ஏறக்குறைய 1 மணித்தியாலம். சாதாரண உடுப்போட விழுந்தவைக்கு உள்ள கணக்கு இது, நல்ல வெட்சூட் (உடம்போட ஒட்டிக் கிடக்கிற ரப்பர் உடுப்பு) போட்டா நேரம் நீளும், ஆனா நடக்கிற ஒழுங்கு மாறாது. எல்லாரும் குளிரில விறைச்சுச் சாகிறதைத்தான் நினைச்சுப் பயப்பிடினம், அது கடைசிக் கட்டம், கனபேர் முதல் ரெண்டு கட்டத்திலயே மூழ்கிப் போயிடினம். அதால நான் போர்டில ஏற முதல் இடுப்பளவு தண்ணியில நிண்டு முகத்துக்கும் பிடரிக்கும் தண்ணி அடிச்சு, மூச்சு ஒரு நிலைக்கு வருமட்டும் பாத்துக்கொண்டு நிப்பன். நெத்தி பிளக்கிற மாதிரி இருக்கும், ஆனா பேந்து அலைக்குள்ள விழேக்க அந்தத் திடுக்கிடல் குறைவா இருக்கும்.

உடுப்பு. இங்க படுத்துப் போற சேர்ஃபர்மாருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. அவங்கள் எந்நேரமும் தண்ணிக்கதான், ஒவ்வொரு அலைக்கும் தலையைக் குடுத்து முக்கி எழும்போணும். நாங்கள் நிக்கிறம், துடுப்புப் போடுறம், விழாட்டி தலை நனையாது, ஆனா வேர்க்கும். வேர்த்த உடம்பில காத்துப் பிடிக்கும். மைனஸ் 10இல 30 கிலோமீற்றர் வேகத்தில காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 20, அதுக்க நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறது நாங்கள்தான். அலைக்கெண்டா நான் 5/4 மில்லிமீற்றர் வெட்சூட் (உடம்புக்கு 5, கை காலுக்கு 4 மொத்தம்), தலைமூடி சேந்தே வாறது, தோள் பக்கம் நல்லா இழுபடக்கூடியது. 6/5 சூடுதான், ஆனா துடுப்பு போட்டு அரை மணித்தியாலத்தில தோள்மூட்டு கெஞ்சும். ட்ரைசூட், அதாவது தண்ணி உள்ளுக்க போகாத முழு உடுப்பு, அலை இல்லாத நாளில தூரம் போக அருமை, உள்ளுக்க கம்பளி உடுப்பு போட்டுக்கொள்ளலாம், பருத்தி மட்டும் வேண்டாம், வேர்வையைக் குடிச்சுக்கொண்டு பிணக்குளிர் குளிரும். ட்ரைசூட் போடுறவை தண்ணிக்கு இறங்க முதல் குந்தி இருந்து கழுத்து ரப்பரை ஒரு விரலால விலத்தி உள்ள காத்தை வெளிய விடோணும். விடாட்டி விழேக்க உள்ள காத்து கால்ப்பக்கம் போய் காலைத் தூக்கும், நீந்த வசதியா இருக்காது.

கைக்கு அஞ்சு விரல் கிளவ்ஸா, மிற்ரனா எண்டு கேட்டா, 3 டிகிரிக்குக் கீழ மிற்ரன்தான். விரல்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டி இருந்தாத்தான் சூடு நிக்கும். ஆனா மொத்த ரப்பருக்குள்ளால துடுப்புத் தண்டைப் பிடிக்கேக்க கை இறுக்கிக்கொண்டே இருக்கும், முழங்கைக்குக் கீழ கெதியா களைச்சிடும், அதுக்குப் பழகத்தான் வேணும். ஒரு சின்ன வேலை: பிளாஸ்க்கில தேத்தண்ணிக்கு வேறயா, கைக்கு வேறயா எண்டு ரெண்டு கொண்டு போங்கோ. கைக்கான பிளாஸ்க்கில கை பொறுக்கிற சூட்டில தண்ணி, கார் கதவோரத்தில நிண்டு ஒரு மிற்ரனைப் போட்டு வாயை விரிச்சுப் பிடிக்க ஆராவது அரைக் கப் ஊத்தோணும், விரலை மடக்கி விரிச்சு மிச்சத்தைக் கவிட்டு ஊத்திப்போட்டு அடுத்த கை. உள்ள நிக்கிற அந்த மெல்லிசுத் தண்ணிப் படையே சூடா இருக்கிறதால லேக் தண்ணி பேந்து வந்தாலும் அவ்வளவா கடிக்காது. பூட்ஸ் 7 மில்லிமீற்றர், வெட்சூட் காலை பூட்ஸுக்கு மேலால இழுத்து விடுங்கோ, உள்ளுக்க சொருகினா ஒவ்வொரு அலையும் பூட்ஸை நிரப்பிக்கொண்டு போகும்.

பம்மால காத்தடிச்சு ஊதுற போர்ட் வச்சிருக்கிறவைக்கு ஒண்டு. வீட்டுக்குள்ள 20 டிகிரியில 15 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிச்சுக்கொண்டு வந்தா, 0 டிகிரித் தண்ணியில அது 13க்கு இறங்கிடும். நடுப்பகுதி தொய்யும், நிக்கேக்க கால் ஆடும். கரையில வச்சு கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அடியுங்கோ. நன்னீர் எண்டதால கடலை விட மிதப்பும் குறைவு, அதோட நனைஞ்ச சூட், பூட்ஸ் எல்லாம் சேந்து உங்கட நிறையும் கூடியிருக்கும், அதால கோடையில ஓடுற ஆகச் சின்ன போர்டை பனிக்காலத்தில வீட்டில விட்டிட்டு வாறதுதான் புத்தி.

லீஷ் (போர்டை உங்களோட கட்டி வைக்கிற கயிறு) இல்லாம இறங்கவே கூடாது, அலைக்கு நேர் லீஷ், சுருள் லீஷ் திருப்பி அடிச்சுக்கொண்டு வரும். கட்ட முதல் வெல்க்ரோவைப் பாருங்கோ. பனியில வச்சு எடுத்தா அந்தக் கொக்கிகளுக்குள்ள ஐஸ் பிடிச்சு நிக்கும், ஒட்டின மாதிரி இருக்கும், ஒரு இழுவைக்குக் கழண்டிடும். லைஃப் ஜாக்கெட் விசயத்தில கனடாச் சட்டம் எங்கயாவது போகத் துடுப்புப் போடுற பாடில் போர்டை ஒரு படகாத்தான் பாக்குது, ஜாக்கெட்டும் விசிலும் வேணும். இடுப்புப் பட்டியில சுருட்டி வாற, இழுத்தா ஊதுற வகையை குளிருக்குள்ள நான் நம்பமாட்டன், விறைச்ச விரலால அந்தச் சின்னக் கைபிடியைத் தேடி இழுக்கிற நிலைமையில நீங்கள் இருக்க மாட்டியள். ஃபோம் வெஸ்ட்தான். நெஞ்சுக்கும் நல்ல சூடு.

இனி காத்து. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினனான்.

குளிரை காசு குடுத்துச் சமாளிக்கலாம், சாமான் இருக்கு. காத்துக்கு சாமான் இல்லை. இங்க எப்பிடி நடக்கும் எண்டா, கிழக்குக் காத்து ஒரு நாள் முழுக்க அடிச்சு அலையைக் கிளப்பும், பேந்து அந்தப் புயல் கடந்து போக காத்து மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பும். நாங்கள் இறங்கிற ஸ்காபரோக் கரை ப்ளஃபர்ஸ் பாக் பக்கம் அது கரையில இருந்து லேக்கைப் பாத்து அடிக்கிற காத்து. அப்பதான் அலையின்ர முகம் சீவி விட்ட மாதிரி வடிவா வரும், எல்லாரும் காத்திருந்து இறங்கிற நேரமும் அதுதான். பின்னால 90 மீற்றர் உயரத்துக்கு நிக்கிற மண்மலை காத்தை மறைச்சுப்போடும், கரையில நிண்டா ஒரு அசைவும் தெரியாது, "ஆ, நல்ல அமைதி" எண்டு இறங்குவியள். நூறு இருநூறு மீற்றர் அங்கால போனதும் மறைப்பு முடிஞ்சிடும். படுத்துப் போறவங்களை அந்தக் காத்து அவ்வளவா அசைக்காது, நிக்கிற உடம்போ விரிச்ச பாய் மாதிரி, துடுப்பு போடப் போட பின்னாலதான் போவியள். அங்கால நயாகரா பக்கக் கரை, இடையில முழுக்க ஐஸ் தண்ணி.

போன மார்ச்சில ஒரு பெடியன், புதுசா வந்தவன், கரைக்கு வரத்தான் வெட்டி வெட்டிப் போடுறான், நிண்டபடியே. நாங்கள் பாக்க பாக்க சின்னனாகிக்கொண்டு போறான். கரையில நிண்டு ரெண்டு பேர் கத்துறம் "படு, படு" எண்டு, அவனுக்குக் கேக்கேல்லை. பேந்து ஒருத்தன் மண்ணில நெடுஞ்சாண்கிடையா விழுந்து படுத்து கையால நீந்திக் காட்டினான், அதைக் கண்டுதான் விளங்கி, துடுப்பை நெஞ்சுக்குக் கீழ வச்சுப் படுத்து கையால வலிச்சு வந்து சேந்தவன். வந்து மண்ணில இருந்தவனுக்கு லீஷைக் கழட்ட விரல் வரேல்லை. குளிராலயில்லை, களைப்பால எண்டு சொன்னான். எனக்கெண்டா ரெண்டும்தான்.

அதால என்ர வழக்கம், போக முதல் ஐலண்ட் எயார்ப்போட்டில பதியிற காத்தைப் பாப்பன், எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு எண்டு மட்டுமில்லை, அடுத்த மூண்டு மணித்தியாலத்தில எங்க திரும்பப் போகுது எண்டதையும். லேக்கில மிதக்கிற அளவீட்டு பூய்களை பனிக்காலத்துக்கு முதல் தூக்கிடுவினம், அதால அலை உயரத்தை கண்ணாலதான் அளக்கோணும். வடமேற்கு 25 கிலோமீற்றரைத் தாண்டினா நான் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு திரும்பிடுவன், கூட வந்தவை முறைச்சாலும். தனிய போறதே இல்லை. ஃபோனை தண்ணி போகாத உறையில போட்டு வெட்சூட்டுக்கு உள்ள, நெஞ்சோட ஒட்ட வைக்கோணும், வெளிய வச்சா குளிரில பட்டரி செத்துப்போகும். மிற்ரனோட ஸ்க்ரீன் வேலை செய்யாது எண்டதும் ஞாபகத்தில இருக்கட்டும், விசில்தான் முதல்.

ஐஸ் பற்றிச் சுருக்கமா: கரையில அலை தெறிச்சுத் தெறிச்சு கட்டின ஐஸ் மேடு மேல கல் மாதிரி, கீழ அலை அரிச்சு வெறும் கோறை, அதில ஏறாதேங்கோ, தண்ணிப் பக்கமிருந்து ஏறவும் ஏலாது, வழுக்கும். வெறும் மணல் கரை இருக்கிற இடத்தால மட்டும் இறங்கி ஏறுங்கோ. பனி உருகிற நாளில மண்மலைக்குக் கீழ போய் நிக்கிறதும் வேண்டாம், அது இடிஞ்சு விழுற மலை.

தண்ணியில நிக்கேக்க அடிக்கடி பெருவிரலால சின்னவிரலைத் தொட்டுப் பாக்கிறது நல்லம், மிற்ரனுக்குள்ளயே செய்யலாம். தொட ஏலாமப் போனா அந்த அலைதான் கடைசி, இன்னும் ஒண்டு எண்டு நிக்கக்கூடாது. கூட வந்தவன் கதைக்கேக்க நாக்குக் குழறினா, காரணமில்லாமக் கோவிச்சா, அவனைக் கேக்காம கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அந்த நிலையில "எனக்கு ஒண்டுமில்லை" எண்டுதான் சொல்லுவான். ஈர உடுப்பைக் கழட்டி, படுக்க வச்சு, போர்த்து, 911. தேய்க்கிறது, சுடுதண்ணி ஷவருக்க தள்ளுறது, பிரண்டி குடுக்கிறது மூண்டும் கூடாது. சாதாரணமா நடுங்கிக்கொண்டு வந்தவைக்கு ஹூட் வச்ச பெரிய டவல் அங்கி, கால் வைக்க ஒரு பிளாஸ்டிக் தொட்டி, சீனி கூடப் போட்ட இஞ்சித் தேத்தண்ணி காணும். கரைக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு உடம்பின்ர உள்சூடு இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதால உடன கார் ஓடாதேங்கோ, நடுக்கம் நிண்டு பிறகு வெளிக்கிடுங்கோ.

காதைச் சொல்ல மறந்திட்டன். குளிர் தண்ணியும் காத்தும் வருசக்கணக்கா பட்டா காதுக்குழியில எலும்பு வளந்து வழியை அடைச்சுக்கொண்டு வரும், கூடினா ஒப்பரேசன்தான். தலைமூடி இருந்தாலும் உள்ள பிளக் வையுங்கோ, சத்தம் போய்வரக்கூடிய, தண்ணியை மட்டும் மறிக்கிற சேர்ஃப் பிளக். நித்திரைக்கு வைக்கிற நுரைப் பிளக்கை வச்சா கரையில நிண்டு ஆரும் கத்துறது கேக்காது.