நீலகண்டன் நடந்த வழியில்

உதயகிரிக் கோட்டைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் மானையும் மரங்களையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் வழியில், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. நானும் சித்தப்பாவும் நேராகக் கல்லறைக்குப் போனோம். கூரை போன சிறிய ஆலயம். அதன் சுவர்களுக்குள் கல், கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. டச்சுக் கம்பெனியின் படையில் இருந்த டிலனாய் அங்கேதான் அடங்கியிருக்கிறார். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர். பிறகு அதே அரசருக்குப் படையைப் பழக்கிக் கொடுத்து, 1777-ல் இந்தக் கோட்டையிலேயே கண்மூடினார்.

சரித்திரக்காரர்கள் அவரைப் பீரங்கிக்காகவும் கோட்டைக்காகவும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் நினைப்பது அவர் ஒரு மனிதரிடம் சொன்ன கதைக்காக.

அந்த மனிதர் நீலகண்டன், பின்னாளில் புனித தேவசகாயம். 1712 ஏப்ரல் 23-ல் நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்தவர். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலில் பொறுப்பு, அரண்மனை உத்தியோகம், சொத்து, மரியாதை எல்லாம் இருந்தது. திடீரென்று ஆடு மாடுகள் செத்தன, பயிர் போனது. முகம் வாடி நின்றவரை டிலனாய் விசாரித்தார். ஆறுதலாக அவர் சொன்னது யோபுவின் கதை என்று மரபு சொல்கிறது. பிள்ளைகளையும் மந்தைகளையும் உடல் நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த யோபு.

சித்தப்பா ஓய்வுபெற்ற உபதேசியார். கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “யோபுக்கு எதுக்கு இதெல்லாம் வந்துன்னு கடவுள் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, பாத்தியா மக்ளே. ஆனா அவரே வந்து பேசினாரு. அது போதும்னு யோபு அடங்கிட்டாரு.”

நீலகண்டனை ஈர்த்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிறிஸ்துவிடம் வந்த பிறகு அவருக்கு மாடும் வயலும் பெருகியதாக இந்தக் கதை போவதில்லை. மிச்சம் இருந்த வீடு, பதவி, உறவு, கடைசியில் உயிர் எல்லாமே போயின. இயேசுவிடம் வந்தால் கடன் அடையும், விசா கிடைக்கும், கல்யாணம் கூடிவரும் என்று மேடையில் யாராவது அடித்துச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இவரை நினைத்துத்தான். கடனோடும் நோயோடும் அவரிடம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும். லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளிகள் கூப்பிட்டார்கள், பத்துப் பேரும் குணமானார்கள். ஒருவர் மட்டும், அதுவும் ஒரு சமாரியர், திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்தார். ஒன்பது பேருக்கு உடம்பு சரியானது. இந்த ஒருவருக்கு இயேசுவே கிடைத்தார். மீட்பு என்று நான் நம்புவது அந்தப் பத்தாவது ஆளுக்கு நடந்ததை.

கோட்டைக்கு அருகிலேயே முட்டிடிச்சான் பாறை. நீலகண்டனைக் காவலர்கள் அடித்து இழுத்துவந்தபோது தாகம் தாங்காமல் அவர் பாறையில் முட்டிக்கையால் இடித்தாராம், தண்ணீர் சுரந்ததாம். அந்த ஊற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

பெருவிளைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இங்கேதான் அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள், ஏழு மாதம். அதற்கு முன்பே என்னென்னவோ நடந்திருந்தது. 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சாட்டையடி பட்ட புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். அவர்மேல் இருந்த கோபம் மதம் மாறியதற்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று சொன்னதோடு நில்லாமல் அப்படியே நடந்துகொண்டார். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மரத்தில் கட்டிக் கிடந்தவரிடம் அவரைக் காவல் காத்த ஆராச்சாரே, அதாவது மரணதண்டனையை நிறைவேற்றுகிறவரே, தன் பிள்ளையில்லாக் குறையைச் சொல்லி வேண்டிக்கொள்ளச் சொன்னதாகவும், அவருக்குப் பிள்ளை பிறந்ததாகவும் இங்கே சொல்வார்கள். அதன் பிறகு கூட்டம் சேர ஆரம்பித்தது. வேப்பிலையை மருந்தாகப் பறித்துப் போனார்கள்.

நான் நெடுநேரம் இருந்தது பெருவிளையில்தான். அலுவலகத்தில் ஒரு பெந்தெகொஸ்தே தோழி, நல்ல மனுஷி, என்னைக் கேட்டிருக்கிறாள்: “அக்கா, நீங்க எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?” எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறோம், இவர்கள் என்ன கேட்பது என்பார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நான் கைக்குழந்தை. என்னைத் தூக்கிப் போனார்கள். அலகையை, அதாவது சாத்தானை, விட்டுவிடுகிறாயா, கிறிஸ்துவை நம்புகிறாயா என்று குருவானவர் கேட்டதற்கு என் ஞானத்தாய்தான் பதில் சொன்னார். அதில் குறை ஒன்றும் இல்லை. நாம் தேடுவதற்கு முன்பே தேடி வருகிறவர் கடவுள் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. முடக்குவாதக்காரனைக் கூரையைப் பிரித்து நாலு பேர் இறக்கியபோது, இயேசு பார்த்தது அந்த நாலு பேரின் நம்பிக்கையையும்தானே. ஆனால் அவர் அவனை எழுந்து நடக்கவும் சொன்னார்.

நீலகண்டனுக்கு ஒரு தேதி இருக்கிறது, ஞானஸ்நானம் பெற்ற நாள்: 1745 மே 14. அப்போது அவருக்கு வயது 33. அந்த ஒரு நாளில் அவர் வந்து முடிந்துவிட்டதா என்று வேப்பமரத்தடியில் யோசித்தேன். விட்டுவிடு, பழையபடி இருக்கலாம், பதவி திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டியும் மிரட்டியும் பார்த்தார்கள். இருந்த இடத்தை விட்டு ஓரடி நகர முடியாத மனிதர் ஒவ்வொரு நாளும் மறுபடி இயேசுவிடம் போயிருக்கிறார். என் தோழியின் கேள்விக்குப் பதில் சொல்லத் தேதி ஒன்று தேவைதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தேதி ஒவ்வொரு நாளும் இன்றையதாக இருக்க வேண்டும்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை. அங்கே நின்று செபித்துவிட்டுக் கிளம்பினோம்.

ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் காற்று சேலையைப் பறிக்கிறது. மலைக் கணவாய். காற்றாலைகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுற்றிக்கொண்டிருக்கின்றன. காற்றாடிமலை என்று பெயர் வைத்தவர்களுக்கு இந்தக் காற்றாலைகள் தெரியாது, இந்தக் காற்று தெரிந்திருக்கிறது. மலையடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். 1752 ஜனவரி 14 அன்று இங்கே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் எறிந்தார்கள். எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் எடுத்துப்போய்க் கோட்டாறில் அடக்கம் செய்தார்கள். அவர் உயிர் பிரிந்தபோது உடைந்து விழுந்ததாகச் சொல்லும் பாறையை இப்போதும் கல்லால் தட்டுகிறார்கள், வெண்கல மணி போல ஒலிக்கிறது. மணியடிச்சான் பாறை. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு தாத்தா பேத்தியைத் தூக்கிப் பிடித்துத் தட்டவைத்தார். அந்தப் பிள்ளை விடாமல் தட்டியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேதசாட்சிகளின் கதையைக் கேட்கும்போது, இவ்வளவு பாடுபட்டால்தான் மீட்பு கிடைக்கும்போல என்று ஒரு பயம் வரும். சின்ன வயதில் எனக்கு வந்திருக்கிறது. மிளகாய்ப்பொடியை நான் தாங்குவேனா? மறுத்துவிட மாட்டேனா? தேவசகாயம் தன் இரத்தத்தைக் கொடுத்து மீட்பை வாங்கவில்லை. அவருக்காக ஏற்கெனவே சிந்தப்பட்ட இரத்தம் ஒன்று இருந்தது, கல்வாரியில். அதைப் பெற்றுக்கொண்டவர் அதை விட்டுவிட மறுத்தார், அவ்வளவுதான். இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனை நினைத்துப் பாருங்கள். அவன் பட்ட பாடு அவன் செய்த குற்றத்துக்கானது, அதை அவனே ஒத்துக்கொண்டான். நோன்பு இருக்கவில்லை, தானம் செய்யவில்லை, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று கேட்டான். இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்று பதில் வந்தது. என்னிடம் வருகிறவரை நான் புறம்பே தள்ளமாட்டேன் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொன்னதற்கு விலக்கே இல்லை. ஏழு மாதம் மரத்தில் நின்றவருக்கும் கடைசி ஒரு மணி நேரத்தில் வாய்திறந்தவனுக்கும் அதே வாசல்.

கணவாயைத் தாண்டினால் அந்தக் காலத்தில் வேறு சீமை. வடக்கன்குளம் அங்கேதான் இருக்கிறது, இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில். திருவிதாங்கூருக்குள் ஞானஸ்நானம் வாங்குவது ஆபத்து என்பதால் டிலனாய் கடிதம் கொடுத்து நீலகண்டனை இங்கே இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தவர். அரச கோபம் வருமே என்று அவர் தயங்கினார், உடனே கொடுத்துவிடவில்லை. வந்தவர் காத்திருந்து, மறை படித்து, தேவசகாயம் ஆனார். பெருவிளையும் காற்றாடிமலையும் அப்போது அவருக்கு வெறும் ஊர்ப் பெயர்கள். பத்மநாபபுரத்திலிருந்து இந்தக் கணவாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று சித்தப்பா உறுதியாகச் சொல்கிறார். தான் சுடப்படப் போகிற மலையைப் பார்த்துக்கொண்டேதான் ஞானஸ்நானத்துக்குப் போயிருக்கிறார்.

அவர் மனைவி பார்கவியும் இதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றார், ஞானப்பூ என்று. கணவர் கொல்லப்பட்ட பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து இங்கேயே அடங்கினார். யாரும் அவரை மரத்தில் கட்டவில்லை, பீடத்தில் ஏற்றவும் இல்லை. தெரியாத ஊரில் கைம்பெண்ணாக, தினமும் விடிந்து எழுந்து அதே இயேசுவை நம்பியிருக்கிறார். எனக்கு அவரிடம் தனி அன்பு.

இந்த ஊர்க் கோவிலுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. அதை மறைத்துப் பேசக் கூடாது. 1872-ல் இங்கே கட்டிய பெரிய கோவில் கால்சட்டை வடிவில் இருந்தது. பலிபீடம் ஒன்று, அதிலிருந்து பிரிந்து போகும் இரண்டு கைகள், நடுவே சுவர். ஒரு பக்கம் மேல்சாதியார், மறுபக்கம் மற்றவர்கள். தேவசகாயம் யாரோடெல்லாம் சேர்ந்து சாப்பிட்டதற்காக அடிபட்டாரோ, அவர்களை அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே சுவர் வைத்துப் பிரித்தார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். சாதிக்காரர்கள் வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அவர்களும் இயேசுவிடம் வந்தவர்கள்தான் என்றுதான் தங்களை நினைத்தார்கள். அவரிடம் வருகிறபோது பக்கத்தில் முழந்தாளிடுகிறவரைத் தள்ளி உட்காரச் சொன்னால், வந்தது வேறு யாரிடமோ. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பெயர் நீக்கப்பட்டிருந்தது. அன்று எங்கள் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அழுதவர்களில் சித்தப்பா ஒருவர். எதற்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

மாலை வெயில் சாயும்போது கோவிலுக்குள் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. ஞானஸ்நான வாக்குறுதிகளைச் சொல்லணும்போல இருக்கு சித்தப்பா, நீங்க கேளுங்க என்றேன். பாஸ்கா இரவில் எல்லாரோடும் சேர்ந்து முணுமுணுத்திருக்கிறேன், தனியாக ஒருவர் கேட்டு நான் சொன்னதில்லை. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, உபதேசியாருக்கே உரிய நிமிர்வோடு நின்றார்.

“அலகையை விட்டுவிடுகிறாயா?”

“விட்டுவிடுகிறேன்.”

“அதன் செயல்களை எல்லாம் விட்டுவிடுகிறாயா?”

மனசுக்குள் வரிசையாக வந்தன. நான் பேசாமல் வைத்திருக்கிற உறவு, மன்னிக்காமல் வைத்திருக்கிற வார்த்தை, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தனியாக எடுத்து வைத்த தம்ளர். “விட்டுவிடுகிறேன்” என்றேன். குரல் எழும்பவில்லை.

“சத்தமா சொல்லு மக்ளே.”

சொன்னேன். அடுத்து, இயேசு கிறிஸ்துவை நம்புகிறாயா என்று கேட்டார்.