புதிய 52 சிசி எஞ்சினில் காற்றுக் கசிவு: மூன்று விளிம்புகள் சேரும் இடம்

இணையத்தில் வாங்கிய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒருவழியாகச் சீரான ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இருக்க வேண்டிய மெதுவான ஓட்டத்தில், நிற்கிறது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல், சூடேறச் சூடேறத் தானாகவே ஓட்டம் ஏறிக்கொண்டிருந்த எஞ்சின் இது. விவரம் சொன்ன இடத்திலெல்லாம் கார்ப்பரேட்டரை மாற்றும்படியே ஆலோசனை கிடைத்தது. கோளாறு கார்ப்பரேட்டரில் இல்லை. கிராங்க்கேஸின் (சுழலும் கிராங்க் தண்டு உட்காரும் அடிப்பெட்டி) இரண்டு பாதிகளும் சிலிண்டரின் அடிமுகமும் ஒன்றுசேரும் இடத்தில் இருந்தது. இந்த வகை எஞ்சினை வாங்கிய மற்றவர்களுக்கும் இதே தொல்லை இருக்கக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மொடக்குறிச்சிப் பக்கம் மாமாவின் தோட்டத்தில் மஞ்சள் பார்களுக்கிடையே 45 சென்டிமீட்டர்தான் இடைவெளி. அதற்குள் நுழைந்து திரும்பக்கூடிய சிறிய களைவெட்டி ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. சட்டமும் கைப்பிடியும் சென்ற பருவத்திலேயே வெல்டிங் முடிந்து தயாராக உள்ளன. அதில் பூட்டத்தான் இந்த எஞ்சினை வாங்கினேன்.

விளம்பரத்தில் எஞ்சினின் அளவு 63 சிசி என்று போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது பிளாக்கில் 1இ44எஃப் என்ற எழுத்துகள் வார்ப்பிலேயே இருந்தன. ஒற்றைச் சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், 44 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), காற்றால் குளிரும் வகை என்பது அதன் பொருள். சிலிண்டரைக் கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தபோது போர் 44, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 34 மில்லிமீட்டர், கணக்கிட்டால் 51.7 சிசி வருகிறது. என் வேலைக்கு 52 சிசி தாராளமாகப் போதும். ஆனாலும் 63 என்று எழுதி 52 கொடுப்பது ஏமாற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிறிய குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கலவை கிராங்க்கேஸிலிருந்து சிலிண்டருக்கு ஏறும் வழியான டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் வளைவில் வார்ப்புப் பிசிறு தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்து உள்ளே விழுந்திருந்தால் பேரிங் தாங்காது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பு கத்தி போல இருந்ததால், பிஸ்டன் ரிங் மாட்டாதபடி நுண்ணிய சாணைக்கல்லால் மழுக்கினேன். இக்னிஷன் காயில் ஃப்ளைவீலில் உரசிக் கோடு போட்டிருந்தது, 0.3 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து முறுக்கினேன். சைலன்சர் போல்ட்டுகள் கையாலேயே திரும்பின. இவை எல்லாம் ஒரு மாலை நேர வேலை.

ஐடில் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் வந்து, அங்கே அழுந்தி, பிறகுதான் மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்க்கேஸில் மயிரிழை கசிவு இருந்தாலும் அது கார்ப்பரேட்டருக்குத் தெரியாமல் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் அதனுடன் வரும் ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவை எத்தனை முறை திருப்பினாலும் குளிர்ந்த எஞ்சினுக்குச் சரியாக இருக்கும் அளவு சூடான எஞ்சினுக்குச் சரிப்படாது. சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி காற்றடைத்துப் பார்ப்பதுதான். புதிய எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இதற்கென விற்கும் கருவி நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய முள் கருவி ஒன்றின் மீட்டரையும் ரப்பர் குமிழையும் எடுத்துக்கொண்டேன். அந்த மீட்டர் 300 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை காட்டும். அது ஏறத்தாழ 5.8 பிஎஸ்ஐ. கிராங்க் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் பிதுக்கிவிடாமல் சோதிக்க இதைவிடப் பொருத்தமான அழுத்தம் இல்லை. பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்து, சைக்கிள் டியூபின் வெற்று வால்வுக் குழாயைப் பித்தளைப் பற்று வைத்து அதில் இணைத்தால் சிலிண்டருக்குள் காற்று செலுத்தும் வழி கிடைத்துவிடும். எக்ஸாஸ்ட்டையும் இன்லெட்டையும் டியூப் ரப்பரும் அலுமினியத் தகடும் வைத்து அடைக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்திருக்கும். சிலிண்டரும் கிராங்க்கேஸும் ஒரே அறையாகிவிடும்.

முள்ளை 300க்கு ஏற்றிக் கையை எடுத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நூறுக்குக் கீழே இறங்கியது. சோப்பு நீரைத் தூரிகையால் தடவியபோது, சிலிண்டர் அடி கேஸ்கட்டின் (இரு முகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்புத் தாள்) ஓரத்தில், கிராங்க்கேஸ் பாதிகள் சேரும் நடுக்கோடு வந்து முடியும் அந்த ஒரே புள்ளியில், கடுகளவுக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. மற்ற இடங்கள் எல்லாம் அமைதியாக இருந்தன.

காற்றடைக்கும் சோதனையோடு நிறுத்தக் கூடாது. ஆயில் சீலின் உதடு உட்பக்கம் பார்த்திருப்பதால் உள்ளேயிருந்து வரும் அழுத்தம் அதைக் கிராங்க் தண்டின்மேல் இன்னும் இறுக்கிவிடும். உறிஞ்சும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும். 60 மில்லி ஊசிக்குழாயை அதே வால்வில் பொருத்தி இழுத்தேன். கசிவில்லாத எஞ்சினில் கையை விட்டவுடன் ஊசிக்குழாயின் தண்டு ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நடுக்கோட்டுக் கசிவைத் தற்காலிகமாகக் கிரீஸ் பூசி அடைத்த பிறகும் இங்கே தண்டு பாதியில் நின்றது. கிளட்ச் பக்க சீலின்மேல் கிரீஸை அப்பியபோது நன்றாகத் திரும்பியது. ஆக, கசிவுகள் இரண்டு.

எஞ்சினை முழுதாகப் பிரித்து கோவை கணபதியில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பட்டறை அண்ணா கிராங்க்கேஸை மறுபடி பூட்டி, சிலிண்டர் உட்காரும் முகத்தின்மேல் எஃகு ஸ்கேலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். "பாருங்க தம்பி, ஒரு பக்கம் வெளிச்சம் தெரியுதுங்க. கேஸு ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லீங்க" என்றார். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜில் 0.10 மில்லிமீட்டர் நுழைந்தது, 0.15 நுழையவில்லை. இரண்டு பாதிகளையும் நேராக நிறுத்த வேண்டிய டவல் பின்கள் அவற்றின் துளைகளில் லொடலொடவென்று ஆடின. ஒரு பாதி தாழ்ந்திருக்கும்போது மேலே எவ்வளவு நல்ல கேஸ்கட்டை வைத்தாலும் அந்தப் படியின் மூலையில் அது அழுந்தாது. போதாக்குறைக்கு, நடுக் கேஸ்கட்டை அந்த இடத்தில் குட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். மூன்று விளிம்புகள் சேரும் இடத்தில் ஒரு சிறு பள்ளம் அப்படித்தான் உருவாகியிருந்தது.

அண்ணா துளைகளுக்கு இறுக்கமான அளவில் புதிய டவல் பின்களைக் கடைந்து தந்தார். படி பெருமளவு மறைந்தது. மிச்சத்தை நான் வீட்டில் தேய்த்து எடுத்தேன். கிராங்க் உள்ளே இருந்தால் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், காலியான இரண்டு பாதிகளையும் கேஸ்கட்டோடு பூட்டித்தான் தேய்க்க வேண்டும். தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் 400 எண் எமரித் தாள், அதன்மேல் சிறிது மண்ணெண்ணெய். முகம் முழுவதும் மார்க்கரால் கறுப்புக் கோடுகள் போட்டு, எட்டு வடிவில், கையின் எடையை மட்டும் கொடுத்துத் தேய்த்தால், மேடான இடத்தில் மை முதலில் போகும், பள்ளத்தில் தங்கும். கடைசிக் கறுப்புப் புள்ளி மறையும் வரை பொறுமையாகத் தேய்த்து, 600இல் முடித்தேன். இங்கே அவசரப்பட்டு ஒரு பக்கம் அழுத்தினால் சிலிண்டரே சாய்ந்து உட்காரும்.

மறுபடி பூட்டும்போது பேரிங்குகளைச் சுத்தியால் அடித்து இறக்க வேண்டியதில்லை. கேஸைப் பழைய தோசைக்கல்லில் வைத்து, தண்ணீர்த் துளி பட்டால் சுர்ரென்று போகும் அளவுக்குச் சூடாக்கினால், 6202 என்ற அளவு எண் கொண்ட பேரிங் தானாகவே உள்ளே இறங்கும். சீல்களைக் கேஸ் ஆறிய பிறகே பொருத்த வேண்டும். புதிய நடுக் கேஸ்கட்டை வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் நீளமாக விட்டு வெட்டி, போல்ட்டுகளை இறுக்கிய பின், சவர பிளேடை முகத்தோடு ஒட்டப் படுக்கவைத்து, கேஸ்கட் பிய்ந்து வராமல் சீராக நறுக்கினேன். பெட்ரோல் தாங்கும் பேஸ்ட்டை அந்த மூன்று விளிம்புச் சந்திப்பில் ஊசிமுனையளவு மட்டுமே வைத்தேன். அதிகம் வைத்தால் உள்ளே வழிந்து பேரிங்குக்குப் போகும். முள் இப்போது 300இலேயே நிற்கிறது. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அசையவில்லை.

சீல் வாங்குவதைப் பற்றி ஒரு குறிப்பு. அதன் முகத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று அளவுகளைச் சொன்னால் போதும். எஞ்சின் பெயரைச் சொன்னால் கடைக்காரர்கள் முழு செட்டையும் தலையில் கட்டிவிடுவார்கள். மோட்டார் பம்ப் தொழில் ஊன்றிய ஊர் என்பதால், கோவையில் நல்ல நிறுவனத்தின் 6202 பேரிங் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. உடன் வந்த பெயரில்லாத பேரிங்குகளையும் அதனால் மாற்றிவிட்டேன்.

விற்றவரிடம் முறையிட்டதையும் சொல்ல வேண்டும். ஐடில் ஏறும் காணொளியைப் பிரிப்பதற்கு முன்பே அனுப்பியிருந்தேன். கார்ப்பரேட்டரைத் திருப்பச் சொல்லி ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு, 63 சிசி விளம்பரப் படத்தையும் பிளாக்கின் எழுத்துகளையும் இணைத்து எழுதிய பிறகுதான் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். மாற்று எஞ்சின் தருவதாகவும் சொன்னார்கள். அதே வார்ப்பிலிருந்து வரும் இன்னொன்றை வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதில் வராதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இப்போது லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலந்து, சுமையில்லாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால், வேலை முடிந்ததும் டேங்கையும் கார்ப்பரேட்டரையும் காலி செய்துவிடுகிறேன்; கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃபிரம் ரப்பருக்கு அதுதான் பாதுகாப்பு. முகத்தைத் தேய்த்ததால் சிலிண்டர் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. பிஸ்டனுக்கும் தலைக்கும் நடுவே எஞ்சியிருக்கும் இடைவெளியை ஈயக்கம்பி வைத்து இன்னொரு முறை அளந்த பிறகே முழு வேகம் கொடுப்பேன். இதற்கிடையே சுழல் வேகத்தைக் குறைக்கும் வோர்ம் கியர்பாக்ஸ் தேடத் தொடங்கிவிட்டேன். நிமிடத்துக்கு 6,500 சுற்றுகளை 200க்கு அருகில் இறக்க வேண்டியிருப்பதால் 30க்கு 1 விகிதம் தேவைப்படுகிறது. அதை இணையத்தில் வாங்கப் போவதில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் பழைய கியர்பாக்ஸ் விற்கும் கடையில், கையால் சுற்றிப் பார்த்துத்தான் எடுப்பேன்.