முற்பணம் திரும்பி வந்தது

போன வாரம்தான் 50,000 ரூபாய் முழுதாகக் கைக்கு வந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஹட்டனில் ஒரு கேக் கடையை ஃபிரான்சைஸ் முறையில், அதாவது ஒரு கம்பனியின் பெயரில் கட்டணம் கட்டிக் கடை நடத்தும் முறையில், எடுக்க மச்சானும் நானும் கட்டிய முற்பணம் அது. கம்பனியோடு பேசியது, இடம் பார்த்தது எல்லாம் இரண்டே வாரத்தில் முடிந்தது. ஒப்பந்தம் வந்ததும்தான் தலையிடி. முழுக்க ஆங்கிலம். தமிழில் கேட்டதற்கு, "எல்லாரும் இதிலதான் சைன் பண்றாங்க" என்றார் அங்கிருந்தவர்.

சரி என்று ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோனோம். ஃபிரான்சைஸுக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் இல்லை, கையெழுத்து வைக்கிற தாள்தான் எல்லாம் என்றார். அப்புறம், "உங்க ரெண்டு பேருக்குள்ள எழுத்து இருக்கா?" என்று கேட்டார். 1,000 ரூபாய்க்கு மேல் முதல் போட்டுக் கூட்டு வியாபாரம் தொடங்கினால் எழுத்தில் இருக்க வேண்டுமாம். "சொந்தத்துக்குள்ள எதுக்கு?" என்று மச்சான் முகம் சுருங்கினான். கடன் விழுந்தால் நம் வீடு வாசல் வரைக்கும் வரும் என்று கேட்ட பிறகுதான் பேசாமல் இருந்தான்.

அடுத்து வர்த்தகக் குறி. பெயருக்குத்தானே இலட்சக்கணக்கில் கட்டுகிறோம், அது பதிவாகியிருக்கிறதா? சான்றிதழைக் காட்டுவதாகச் சொல்லிக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். விடியற்காலை பஸ் ஏறி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கிப் போனால், வரச் சொன்னவரே அன்று லீவு. ஒரு நாள் பிழைப்பு நஷ்டம். இரண்டாம் தடவை போனபோது ஒரு தாளை நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தால், விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது! சான்றிதழே இன்னும் வரவில்லை.

அவர்கள் தந்த வருமானக் கணக்கிலும் பன்னிரண்டு மாதமும் ஒரே விற்பனை. இங்கே தோட்டச் சம்பளம் கிடைக்கிற 10ஆம் திகதியை ஒட்டித்தான் கடைத்தெரு நிறையும். சிவனொளிபாதமலை சீசன் கூட்டமும் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும்தான். உரிமைக் கட்டணத்தை மட்டும் மாதா மாதம் கட்ட வேண்டும். அங்கேயே வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

முற்பணம் தர முடியாது என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். காப்பாற்றியது ரசீதில் இருந்த ஒரு வரி: "ஒப்பந்தம் கைச்சாத்திடப்படாவிட்டால் திருப்பித் தரப்படும்." பணம் கட்டிய அன்று அதை எழுதித் தந்தால்தான் எழும்புவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தவன் மச்சான்தான். நீங்களும் எழுதி வாங்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

இப்போது எங்கள் சொந்தப் பெயரில் சின்னதாக ஒரு பேக்கரி போடப் பார்க்கிறோம். எங்களுக்குள் ஒப்பந்தம் எழுத வரும் புதன்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறான் மச்சான்.