சிப்பாங், 9-ஆம் வளைவு, நாலரை வருடம் கழித்து

2019 நவம்பரில் மலேசியாவின் சிப்பாங் பந்தய டிராக்கில் பைக்கோடு விழுந்தேன். காலையில் முதல் சுற்று. முந்தின இரவு பெய்த மழையின் ஈரம் ஓரங்களில் காயாமல் கிடந்தது. அங்கே மொத்தம் 15 வளைவுகள். 10 வலப்பக்கம், 5 மட்டுமே இடப்பக்கம். 6, 7, 8 மூன்றும் வரிசையாக வலப்பக்கம்தான். அந்த நேரமெல்லாம் டயரின் வலது தோள் தேய்ந்து சூடேறும், இடது தோள் சும்மா இருந்து ஆறிப்போகும். உடனே 9 வருகிறது, இறுக்கமான இடது திருப்பம். ஆறிப்போன பக்கத்தை நம்பி வழக்கம்போல சாய்த்தேன். முன்சக்கரம் மடங்கிவிட்டது. என் இடது தோள் தரையில் மோதியது, சரளைக்குள் உருண்டேன். காரை எலும்பு மூன்று துண்டு.

தகடு வைத்து ஆறு திருகு போட்டு எலும்பைச் சேர்த்தார்கள். எலும்பு கூடி வந்த நேரத்தில், 2020 மார்ச்சில், சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் எல்லை மூடப்பட்டது. 2022 ஏப்ரல் 1-ஆம் தேதி பாலம் மறுபடி திறந்தபோது வீட்டில் கைக்குழந்தை. அப்படியே வருடங்கள் ஓடின. சிங்கப்பூரில் எங்களைப் போன்றவர்கள் பைக்கை முழு வேகத்தில் ஓட்ட நிரந்தரமான டிராக் கிடையாது. எல்லையைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்லை மூடினால் எங்கள் பொழுதும் மூடிக்கொள்ளும்.

2024 ஜனவரியில் மனைவியிடம் பேச்செடுத்தேன். என் யமஹா ஆர்3 பைக்குக்கு சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், 2026-ல் முடிய இருந்தது. அதற்குள் ஒரு தடவையாவது போகாவிட்டால் இனி எப்போதும் போக மாட்டேன் என்று தோன்றியது, அதை அப்படியே சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போறதுன்னா ஒழுங்கா தயாராகிப் போங்க. அரைகுறையா போகாதீங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாலு மாதமும் ஓடின.

முதலில் உடம்பு. பிரேக்கைப் பலமாகப் பிடிக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முன்னால் தள்ளும். அதைக் கைகளால் தாங்கினால் ஹேண்டில்பார் இறுகிவிடும், பைக் திரும்பாது. முழங்கால்களால் டேங்கை இறுக்கி, இடுப்பாலும் வயிற்றாலும் தாங்க வேண்டும். இதை பிசியோதெரபிஸ்டிடம் விளக்கினேன். அவர் மோட்டார்சைக்கிளில் ஏறியே பழக்கமில்லாதவர், ஆனால் உடனே புரிந்துகொண்டார். ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி தோளுக்கு, பிளாங்கும் ஸ்குவாட்டும் இடுப்புக்கும் தொடைக்கும். காலை ஐந்தரை மணிக்கு, மகள் எழுவதற்கு முன்னால், எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் செய்தேன். லெதர் சூட்டின் ஜிப் ஜனவரியில் நெஞ்சோடு நின்றுவிட்டது. ஏப்ரலில் கழுத்துவரை ஏறியது. ஆறு கிலோ குறைந்திருந்தேன். சூட்டின் தோள்பட்டைக் கவசம் தகடு இருக்கும் இடத்தில் அழுத்தியது. அந்த இடத்தில் மட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டேன்.

ஹெல்மெட்டை மாற்றும் விஷயத்தில் யாரும் தயங்கவே கூடாது. ஒரு தடவை தரையில் மோதியது என்றால் வெளியே கீறல் சிறிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும், அது மறுபடி பழைய நிலைக்கு வராது. விழுந்த அன்றே அதை ஒதுக்கிவிட்டேன், புதிது வாங்கினேன். காப்புறுதியையும் எடுத்துப் படித்தேன். சாலைக்கு எடுத்த மோட்டார் காப்புறுதி டிராக்கில் நடப்பதற்குப் பணம் தராது. என்னிடம் இருந்த விபத்துக் காப்புறுதியிலும் பந்தயம் விலக்குப் பட்டியலில் இருந்தது. விழுந்தால் பைக்குக்கு ஆகும் செலவு முழுக்க என் கையிலிருந்துதான் என்று கணக்குப் போட்டு, ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அடுத்து பைக். காக்கி புக்கிட்டில் எனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் அண்ணன் பேசுவது குறைவு, தொட்டுப் பார்ப்பது அதிகம். பின்டயரில் உள்ளங்கையை வைத்து இடமிருந்து வலமாகத் தடவினார். "தம்பி, நீங்களே தடவிப் பாருங்க" என்றார். நடுவில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பலகை மாதிரி தட்டையாக இருந்தது. ஈசூனிலிருந்து தினமும் எக்ஸ்பிரஸ்வேயில் நேராகவே வேலைக்குப் போய்வந்த நாலு வருடம் அது. தட்டையான டயரைச் சாய்த்தால் படியிலிருந்து கால் வழுக்கி இறங்குவது போல ஒரு உதறல் வரும். பக்கவாட்டில் இருந்த நாலு எண்களையும் காட்டினார்: 1619. 2019-ஆம் வருடத்தின் 16-ஆவது வாரத்தில் செய்த டயர். ரப்பர் இறுகிக் கட்டையாகியிருந்தது. இரண்டு டயரையும் மாற்றினோம். பிரேக் ஆயில் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது குடித்துவிடும், பிரேக் சூடாகும்போது கொதித்துக் குமிழி விடும், லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதையும் புதிதாக ஊற்றினோம். கூலன்ட்டை வடித்துவிட்டுச் சாதாரணத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். விழும் பைக்கிலிருந்து கூலன்ட் கொட்டினால் தரை வழுக்கும், பின்னால் வருகிறவனும் விழுவான்.

இதெல்லாம் காசும் நேரமும் கொடுத்தால் முடிகிற வேலை. கண்தான் பணியவில்லை.

கண் எங்கே போகிறதோ அங்கேதான் பைக்கும் போகும். பயப்படும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேராக அங்கேயே போய்ச் சேருவோம். இது எனக்குத் தெரிந்ததுதான், 2017-ல் சிறிய சிசி பந்தயங்களில் ஓட்டத் தொடங்கியபோது முதலில் கற்றதே இதைத்தான். ஆனால் விழுந்த பிறகு, இடப்பக்கம் திரும்பும் எந்த இடத்திலும், பல மாடி கார்பார்க்கின் சரிவில்கூட, என் பார்வை சக்கரத்துக்கு முன்னால் இரண்டு மீட்டரிலேயே நின்றுவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்குப் போகத் தொடங்கினேன். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயங்கள் நடந்த சாலை அது. கார்களோடு மோட்டார்சைக்கிள்களும் ஓடின. என் அப்பா சிறுவனாக மேட்டில் உட்கார்ந்து பார்த்தவர்; அங்கிருந்த டெவில்ஸ் பெண்ட் என்ற வளைவின் பெயரை இன்றும் கண் விரியச் சொல்வார். இப்போது காட்டோரமாக ஒருவழிப் பாதை, சாலையோரம் குரங்குகள். அங்கே வேகம் தேவையில்லை, வேகமாகப் போகவும் கூடாது. 30, 40 கிலோமீட்டரில் போய், வளைவு தொடங்கும் முன்பே முகத்தை முழுதாகத் திருப்பி, அது முடியும் இடத்தில் ஒரு மரத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்வேன். அந்த மரத்தை அடையும் முன் அடுத்த மரம். இருபது நிமிடம், அவ்வளவுதான். பதினொரு ஞாயிறு இப்படிப் போனது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்கு சிப்பாங்கில் டிராக் டே, அதாவது எங்களைப் போன்றவர்கள் டிராக்கில் ஓட்டும் நாள், பதிவு செய்தேன். முந்தின நாள் மதியம் துவாஸ் வழியாக எல்லையைத் தாண்டி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினேன். பைக்குகளுக்கு அங்கே டோல் கிடையாது. பாகோ ஓய்விடத்தில் நாசி லெமாக்கும் ஒரு தேநீரும். ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை.

காலையில் பைக்கின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின் மேல் டேப் ஒட்டினேன். விழுந்தால் சில்லு சிதறாமல் இருக்கத்தான் அது. பரிசோதனை முடிந்தது. விளக்கக் கூட்டத்தில் கொடிகளை மறுபடி சொன்னார்கள்: மஞ்சள் என்றால் முந்தக் கூடாது, சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். முன்பு நடுக் குழுவில் ஓட்டியவன் நான், இந்தத் தடவை புதியவர்களின் குழுவில் பெயர் கொடுத்தேன். திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

முதல் சுற்றுகளில் மற்ற வளைவுகள் எல்லாம் உடம்புக்குள் அப்படியே இருந்தன. நேர்ப்பாதையின் கடைசியில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று கைக்கே தெரிந்திருந்தது. 9 வந்ததும் கண் நேராகச் சரளைக்குப் போனது. நான் உருண்டு நின்ற இடம். தேவைக்கு முன்னாலேயே பிரேக் பிடித்து, உள்ளே வராமல் வெளியோரமாகவே சுற்றி வந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அதே கதைதான். அதைத் தாண்டி 11 வந்தபோது, 2011-ல் மோட்டோஜிபி பந்தய வீரர் மார்கோ சிமோன்செல்லி உயிரிழந்த இடம் இது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. மனசுக்குள் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கடந்தேன்.

இடைவேளையில் பயிற்றுநரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் ஈப்போ தமிழர். "பாஸ், மூணு சுத்து என் பின்னால வாங்க. என் சக்கரத்தைப் பார்க்காதீங்க, என் ஹெல்மெட் எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும் பாருங்க" என்றார். முதல் சுற்றில் 9-க்கு வெகு முன்னாலேயே அவர் தலை இடப்பக்கம் திரும்பிவிட்டது. நானும் திருப்பினேன். சரளை பார்வையிலிருந்தே விலகிப்போனது. எதிரே 10-ஐ நோக்கி ஏறும் சாலை மட்டும் தெரிந்தது. முழங்கால் தரையில் உரசவில்லை, பெரிய வேகமும் இல்லை. ஆனால் கைகள் தளர்ந்திருந்தன, பைக் தானாக உள்ளே வந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் மரம், மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே மரம் ஏதும் இல்லை.

மூன்றாவது சுற்றில் அவர் கையசைத்து என்னை முன்னால் விட்டார்.

அன்றைய கடைசி செஷனில் என் நேரம் 2 நிமிடம் 56 வினாடி. 2019-ல் ஓட்டியதைவிட ஏழு வினாடி அதிகம். ஒன்றும் உடையாமல் சாயங்காலம் டேப்பை உரித்தேன். மனைவிக்கு ஒரு படம் அனுப்பினேன், இரண்டு காலில் நிற்கும் படம்.

திங்கட்கிழமை வேலை முடிந்து காக்கி புக்கிட் போனேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, குனிந்து பின்டயரைத் தடவினார். வலப்பக்கம் ஓரம்வரை ரப்பர் தேய்ந்து சொரசொரப்பாக இருந்தது. இடப்பக்கம் ஓரத்தில் புது டயரின் பளபளப்பு மிச்சமிருந்தது. அதன் மேல் சுண்டுவிரலை வைத்து அளந்தார்.

"இன்னும் ஒரு விரல் பாக்கி இருக்கு, தம்பி."

"ஜூலைல போறேன்ணே" என்றேன். பிரேக் ஆயிலை ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி பைக்கை விட்டுவிட்டு வந்தேன்.