எந்தப் பார்க்?

"பார்க் டேசன் எந்தப் பக்கம் தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். "சுரங்கப்பாதையில நேரா போங்கம்மா, போர்டு இருக்கும்" என்றேன். மொத்தமே ஐந்து விநாடி. கேட்டதற்குச் சரியான பதில்தான். இரண்டு வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சென்னை சென்ட்ரல் மெட்ரோவில் உதவி மேசையில் அப்போது எனக்கு வேலை, ஒரு ஏஜென்சி மூலமாக. அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும், "சென்ட்ரல்" என்பது ஒரு ஸ்டேஷன் இல்லை. வெளியூர் வண்டிகளுக்கு ஒன்று, அதை ஒட்டியே புறநகர் வண்டிகளுக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ், கீழே மெட்ரோ, சாலைக்கு அந்தப் பக்கம் தாம்பரம் லைனுக்கு பார்க், அதற்குப் பக்கத்திலேயே பறக்கும் ரயிலுக்கு பார்க் டவுன். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது, பெயர் மட்டும் ஸ்டேஷனில் தங்கிவிட்டது. இரண்டு பார்க்குக்கும் பெயர் கொடுத்த பீப்பிள்ஸ் பார்க்கும் பெரும்பாலும் கட்டடமாகிவிட்டது. 2019இல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயரை வைத்தார்கள், அடுத்த வருடம் மெட்ரோவுக்கும். அந்த முழுப் பெயரைச் சொல்லி என்னிடம் வழி கேட்டவர் ஒருவர்கூட இல்லை. பார்க்குக்கும் அதே கதைதான். எந்தப் பார்க் வேண்டுமானாலும் ஜனங்கள் வாயில் வருவது பார்க்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

அது 2023 செப்டம்பர். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் நடுவே நாலாவது தண்டவாளம் போடுகிற வேலைக்காக ஆகஸ்டு 27இலிருந்து பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. பார்க் டவுனுக்கு வண்டியே கிடையாது. பேப்பரில் எல்லாம் வந்த செய்தி. ஆனால் எதிரே பெரியாஸ்பத்திரியில் காலையிலிருந்து வரிசையில் நின்றுவிட்டு வருகிறவர் பேப்பரைப் பார்த்துவிட்டா வருவார்?

முக்கால் மணி நேரம் கழித்து அதே அம்மா திரும்பி வந்தார். முதலில் வரும்போது மஞ்சப்பையிலிருந்து ஒரு எக்ஸ்ரே நேராக நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதன் நடுவே ஒரு மடிப்பு. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க அக்குளில் இடுக்கியிருப்பார் போல.

"நீ சொன்ன பார்க்கு இருக்குது தம்பி. அங்க மயிலாப்பூர் வண்டி வராதாம். இன்னொரு பார்க்குக்குப் போன்னாங்க. போனா, அங்க வண்டியே இல்லைங்கிறாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் எங்க போறேன்னு நீ கேக்கவே இல்லியே" என்றார்.

திட்டவில்லை. ஏதோ கணக்கில் ஒரு ரூபாய் இடிப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அன்றைக்கு ராத்திரியே மறந்தும் போயிருக்கும்.

எனக்கும் சொல்ல இருக்கிறது. மேசைக்கு முன்னால் எப்போதும் ஏழெட்டுப் பேர். சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், "கேட்டதுக்குப் பதில் சொல்லு, கதை கேட்காதே." தப்பான புத்திமதி என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஒவ்வொருவரிடமும் ஊர் பேர் விசாரித்தால் பின்னால் நிற்கிறவர் வண்டியை விட்டுவிடுவார். அவரும் மயிலாப்பூர் என்று சொல்லியிருக்கலாம். பார்க் என்றார், பார்க்கைக் காட்டினேன்.

ஆனால் அன்று காலை கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் கேமராவோடு வந்து மேலே இருக்கிற சிவப்புக் கட்டடத்தைப் பற்றிக் கேட்டார்கள். 1873 என்றேன். ஹார்டிங் வரைந்தார், சிஷோம் மாற்றங்கள் செய்தார் என்றேன். மணிக்கூண்டுக்கு நாலு பக்கமும் முகம், எதிர்ப்பக்கம் போய் நின்றால் படம் நன்றாக வரும் என்றுகூடச் சொன்னேன். பத்து நிமிடம் இருக்கும். அப்போதும் வரிசை இருந்தது. கதை கேட்காதே என்றவர் கதை சொல்லாதே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரியான பதில் என் காலடியிலேயே இருந்தது. அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம் அரசினர் தோட்டம். அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சிந்தாதிரிப்பேட்டை, பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலை, மயிலாப்பூருக்கு அதுதான் ஸ்டேஷன். எத்தனையோ பேருக்கு இதை ஒப்பித்திருக்கிறேன், பார்க் டவுன் என்று முழுசாகச் சொல்லிக் கேட்டவர்களுக்கு.

அப்புறம் ஒரு மாதம் எல்லாரிடமும் கேட்டேன், "எங்க போறீங்க?" சிலருக்கு உபயோகமாக இருந்திருக்கும். ஒரு பையன் "அண்ணா, மூர் மார்க்கெட் எங்கன்னு மட்டும் சொல்லுங்க, வண்டி போயிடும்" என்று கத்திவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடினான். அதாவது பரவாயில்லை. ராத்திரி பத்து மணி இருக்கும், ஒரு பெண் தனியாக வந்து வெளியே போகிற வழி கேட்டார். வாய் பழக்கத்தில் "எங்கம்மா போறீங்க?" என்றேன். அவர் பையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "வழி மட்டும்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு செக்யூரிட்டியிடம் போய்விட்டார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் என் தங்கை இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்வேன். அந்த அம்மாவுக்குக் கேட்காதது தப்பு, இந்தப் பெண்ணுக்குக் கேட்டது தப்பு. கேள்வி ஒன்றேதான்.

பிறகு அந்தப் பழக்கமும் விட்டுப்போனது. கேட்க வேண்டிய முகம் எது என்று பார்த்தாலே தெரியும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் முகத்தையும் பார்த்துத்தானே பதில் சொன்னேன்.

இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போது "அப்புறம் அந்தம்மாவை எப்படி அனுப்பினே?" என்று கேட்பார்கள். பஸ்ஸில் ஏறச் சொன்னேன் என்பேன். அது உண்மைதான். மறுபடியும் நடக்கவைக்க மனசு வராமல் மெட்ரோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வெளிய போய் மயிலாப்பூர் பஸ் புடிச்சிக்கோங்கம்மா" என்றேன். "சரிப்பா" என்று மஞ்சப்பையைக் கை மாற்றிக்கொண்டு படிப் பக்கம் போனார். சாலையின் இரண்டு பக்கமும் பஸ் நிற்கும். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்து நின்றவர் ரீசார்ஜ் எங்கே என்று கேட்டார்.