அப்பாவைக் கொஞ்சம் மியூட்டில் போடும்மா

ரெண்டு வாரம்தானே, சமாளித்துவிடலாம் என்று சொன்னது நான்தான். 2020 மார்ச்சில், இனி வகுப்பெல்லாம் வீட்டிலிருந்தே என்று பள்ளியிலிருந்து தகவல் வந்த அன்று, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஒருவித மிதப்போடு சொன்னேன். காலையில் சீருடைக்கு இஸ்திரி போட வேண்டாம், ஷூவில் ஒன்றைக் காணோம் என்ற அலறல் கிடையாது, வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம், இதைவிட வேறென்ன வேண்டும்? மனைவி பதிலே சொல்லவில்லை. அவள் அதற்குள் வீட்டில் இருக்கும் கருவிகளை எண்ண ஆரம்பித்திருந்தாள்.

ஆபீஸ் லேப்டாப் ஒன்று, போன் இரண்டு, கண்ணாடியில் விரிசல் விழுந்து சார்ஜும் நிற்காத பழைய டேப்லெட் ஒன்று. ஆள் நான்கு பேர். எட்டாம் வகுப்புப் பெரியவளுக்கு 8.30க்கு வகுப்பு, இரண்டாம் வகுப்புச் சின்னவனுக்கு 9 மணிக்கு, எனக்கு 9.30க்கு ஆபீஸ் மீட்டிங், மனைவிக்கு 10 மணிக்கு. எது யாரிடமிருந்து யாருக்கு எத்தனை மணிக்குக் கை மாற வேண்டும் என்று ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ரயில்வே ஆட்கள் பார்த்திருந்தால் அப்படியே வேலைக்கு எடுத்திருப்பார்கள். சார்ஜரின் பெயர் மட்டும் அதில் இல்லை, அதனால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி சார்ஜரைப் பற்றியது.

அந்த வருஷம் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் கிட்டத்தட்ட 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது என்று ஐ.நா. சபை கணக்குச் சொன்னது. அதில் எங்கள் வீட்டுப் பங்கு இரண்டுதான், ஆனால் சத்தத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கோடியாவது இருக்கும். இப்படி அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் பெரியவளின் தோழி ஒருத்தி நினைவுக்கு வருவாள். அவள் வீட்டில் ஒரே போன், அதை அவள் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், அவர் திரும்பிய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அவளுக்குப் பாடம். வீட்டிலிருந்து படிக்க எந்த வழியும் எட்டாத பிள்ளைகள் குறைந்தது 46 கோடிப் பேர் என்று அந்த ஆகஸ்டில் யுனிசெஃப் சொன்னதைப் படித்த பிறகு, விரிசல் விழுந்த டேப்லெட்டைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

முதல் நாள் சின்னவனை என் லேப்டாப்பில்தான் உட்கார வைத்தேன். திரையில் தெரியும் பெயரை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வருகைப் பதிவு எடுத்த மிஸ், ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, ஒரு நொடி நின்று, "ஆபீஸ் லேப்டாப் 2, யாருப்பா அது?" என்றார். இவன் கொஞ்சமும் யோசிக்காமல் எழுந்து நின்று, "ப்ரெசன்ட் மிஸ்" என்றான். எழுந்து நின்றதால் திரையில் வயிறு மட்டும் தெரிந்தது. அந்த மாதம் முழுக்க அவன் நண்பர்களுக்கு அவன் 'ஆபீஸ் லேப்டாப்' தான். ஒருவன் மட்டும் மரியாதையாக 'லேப்டாப் 2' என்று கூப்பிட்டான்.

மூன்றாவது வாரம் மிஸ்ஸிடமிருந்து போன். குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. பையன் கொஞ்ச நாளா எழுத்தையெல்லாம் திருப்பிப் போட்டு எழுதறான். வீட்ல கவனிச்சீங்களா?" ஒன்றுமில்லை என்று யாராவது தொடங்கினாலே நம் வயிற்றில் ஏதோ புரளும், இல்லையா? நோட்டை எடுத்துப் பார்த்தோம். எல்லாம் நேராக, சுத்தமாக இருந்தது. மனைவி ராத்திரி இரண்டு மணி வரை போனில் என்னென்னவோ தேடிப் படித்தாள், படிக்கப் படிக்க அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "லியனார்டோ டா வின்சிகூட நோட்டுல இப்படித்தான் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பி எழுதி வெச்சாராம்" என்றேன். அவள் பார்த்த பார்வைக்கு அப்புறம் அந்த வீட்டில் டா வின்சி பெயரை நான் எடுக்கவில்லை.

மறுநாள் சொல்வதெழுதுதல் நேரத்தில், திரையில் தெரியாதபடி மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். மிஸ் ஒரு சொல்லைச் சொல்வார், பிள்ளைகள் கையிலிருக்கும் சின்னப் பலகையில் எழுதி கேமராவுக்குக் காட்ட வேண்டும். மிஸ், "பட்டம்" என்றார். இவன் அழகாக, நேராக, பட்டம் என்றுதான் எழுதினான். பலகையைத் தூக்கிப் பிடித்தான். திரையில் தன் கட்டத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது. சட்டையாலேயே பலகையைத் துடைத்தான். நாக்கை வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிப் போட்டு எழுதினான். ட இரண்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றன. ப மட்டும் தப்பித்தது, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் ப தானே. மறுபடி தூக்கிப் பிடித்துத் திரையைப் பார்த்தான். இப்போது சரியாக இருந்தது. பெருமூச்சு விட்டான்.

நம் முகம் நமக்குத் தெரியும் கட்டத்தை மட்டும் வகுப்பு நடக்கும் வீடியோ செயலி கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டும், ஏனென்றால் நாம் நம்மைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர்கள். மற்றவர்களுக்கு நேராகத்தான் போகும். இந்தக் குழந்தை மூன்று வாரமாக, தன் எழுத்து தலைகீழாகப் போகிறதே என்று தவித்து, யாரிடமும் சொல்லாமல், தனக்குத் தெரிந்த வழியில் அதைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது. மேசைக்குக் கீழே எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அமைப்புகளுக்குள் போய் அந்தக் கண்ணாடித் தேர்வை நீக்கிவிட்டேன். அதன் பிறகு அவன் வலக் கையைத் தூக்கினால் திரையில் அது இன்னொரு பக்கம் தூக்கியது. அந்த அதிசயத்தை ஆராய்வதிலேயே கணக்கு வகுப்பு இரண்டு முடிந்துபோனது, அது வேறு விஷயம்.

பெரியவளின் பிரச்சினை இணையம். தினமும் 10.40 ஆனால் அவளுக்கு எல்லாம் உறைந்துவிடும். அறிவியல் மிஸ் வாயைத் திறந்தபடி நிற்பார், குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும். நான் இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து, "நாலு பேர் வேலை பார்க்கிற வீடுங்க" என்று நியாயம் பேசினேன். ரவுட்டரைப் புத்தக அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன். அதைச் சுற்றி எதையும் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. நாலாம் நாள் பெரியவளே கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்த கையோடு ஒரு காகிதத்தில் எழுதி ஆதாரத்தோடு வந்து நின்றாள். நான் மீட்டிங் முடிந்து ஆறிப்போன காபியை மைக்ரோவேவில் சுட வைக்கும் நேரம் 10.40. அந்த அடுப்பும் எங்கள் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில்தான் ஓடுகின்றன, அடுப்பிலிருந்து அலை கொஞ்சம் கசிந்தாலும் வைஃபை திணறும், அவள் உட்காரும் இடமோ சமையலறைச் சுவரை ஒட்டி. நிறுவனத்துக்காரரிடம் நான் பேசிய நியாயமெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறிய காபிதான்.

ஆனால் 10.40 உறைதல் நிற்கவில்லை. மைக்ரோவேவின் பிளக்கையே பிடுங்கிவிட்டேன், அப்படியும் அறிவியல் வகுப்பில், அதுவும் கேள்வி கேட்கும் நேரம் பார்த்து, இவள் படம் நின்றுவிடுவதாக மிஸ் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன், இவள் வாயைப் பாதி திறந்து, கண் சிமிட்டாமல், ஒரு கை தூக்கியபடி சிலையாக உட்கார்ந்திருக்கிறாள். நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. நான் கேட்பதற்குள், அவளுக்குப் பின்னால் சின்னவன் வாயில் டூத் பிரஷ்ஷோடு, இடுப்பில் துண்டோடு, மெதுவாக நடந்து போய், நின்று, கேமராவுக்குக் கையாட்டிவிட்டுத் திரும்பி நடந்து போனான். லேப்டாப்பிலிருந்து மிஸ் குரல் தெளிவாக வந்தது: "உனக்கு மட்டும்தான் நெட் போச்சா? தம்பிக்கு நல்லாத்தான் வருது போல."

சிலை சிமிட்டிவிட்டது.

சரி, பிள்ளை மாட்டிக்கொண்டாளே, அடுத்த முறையாவது உதவுவோம் என்று மறுவாரம் அவள் வாய்மொழித் தேர்வின்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்று கேள்வி. இவள் விழித்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு, "கார்பன் டை ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு" என்று கிசுகிசுத்தேன். மைக் கிசுகிசுப்பை எவ்வளவு துல்லியமாக எடுக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மிஸ் கோபப்படவே இல்லை. "இல்லம்மா, தண்ணியிலிருந்து வருது. 1941லேயே ஆக்சிஜன்-18ங்கிற கனமான வகை ஆக்சிஜன் இருக்கிற தண்ணியை வெச்சுச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அந்தப் பாடத்தை அப்பாவும் ஒரு தடவை படிக்கட்டும். இப்ப அப்பாவைக் கொஞ்சம் மியூட்டில் போடும்மா" என்றார். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாலிருந்து பெரியவர்களின் சிரிப்பும் கேட்டது, அப்படியென்றால் எல்லா வீட்டிலும் ஒருத்தர் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நாளைக்கு வகுப்பு நேரம் மாறுகிறது என்று மிஸ் ஒரு வரி போடுவார், அதன் மேல் அறுபது 'நன்றி மிஸ்', நாற்பது கும்பிடும் கை, மறுநாள் காலை எல்லோரும் பழைய நேரத்துக்கே வந்து நிற்போம்.

இந்த லட்சணத்தில்தான் வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து, பிடிஎஃப் ஆக்கி, ராத்திரி எட்டுக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து பக்கம் எடுத்தால் ஐந்திலும் என் தலையின் நிழல் விழும், ஒரு பக்கம் கட்டாயம் தலைகீழாக நிற்கும். அன்று சின்னவனுக்கு 'என் குடும்பம்' பற்றி ஆறு வரி. எனக்கு மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய மாத அறிக்கை. இரண்டுக்கும் நான் வைத்த பெயர் 'ஃபைனல்', ஒன்று மட்டும் 'ஃபைனல் 2'. மணி 7.58. அனுப்பினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பள்ளிச் செயலியிலிருந்து திருத்திய தாள் வந்திருந்தது. என் மாத அறிக்கையின் மேல் இரண்டு நட்சத்திரம், 'நல்ல முயற்சி, படம் வரைந்து வண்ணம் தீட்டவும்' என்ற குறிப்பு. ஒரே ராத்திரியில் எத்தனை தாள் திருத்தியிருந்தால் அவருக்கு அது கண்ணில் படாமல் போயிருக்கும் என்று பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த அறிக்கைக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் ஒரு நட்சத்திரம்கூடத் தந்ததில்லை. அப்புறம்தான் உறைத்தது, அப்படியானால் ஆபீசுக்குப் போனது எது? சின்னவனின் நோட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். ஐந்தாவது வரி இப்படி இருந்தது: 'என் அப்பா தினமும் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவார்.' கையெழுத்து குண்டு குண்டாக, அவ்வளவு தெளிவாக இருந்தது, ஒரு எழுத்தும் திரும்பியிருக்கவில்லை.

9.30 மீட்டிங்கில் மேனேஜர் என் பெயரை எடுக்கவே இல்லை. அறிக்கை கிடைத்தது, மிக நேர்மையான அறிக்கை என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். இனிமேல் எல்லோரும் கேமராவைப் போட்டுக்கொண்டே உட்காரலாமே என்றும் சொன்னார். நான் கேமராவைப் போட்டேன். போன மாதக் கணக்கு ஏன் இடிக்கிறது என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைப் பாதி திறந்தேன், ஒரு கை தன்னால் மேலே போனது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவள், திரையில் விழாதபடி தரையோடு தவழ்ந்து வந்து, என் மைக்கை முதலில் அணைத்துவிட்டு, காதோரம் சொன்னாள்:

"கண்ணைச் சிமிட்டிடாதீங்கப்பா. நான் போய்த் தம்பியைப் பிடிச்சு வெச்சுக்கறேன்."