மொய் நோட்டும் மானிடவியல் விடைத்தாளும்

குடிமைப் பணித் தேர்வின் மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. நேர்காணல் வரை போயும் இறுதிப் பட்டியலில் இடமில்லை. பொது அறிவுத் தாள்கள் காலை வாரிவிட்டன. அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்டப்போவதில்லை. விருப்பப் பாடமான மானிடவியல் மட்டும் கைகொடுத்தது. அதை எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களுக்காக இது.

படித்ததை அன்றன்றே ஊருக்குச் சொன்னேன், அவ்வளவுதான். பேஸ்புக்கிலும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், 150 சொற்களுக்குள். பத்து மதிப்பெண் கேள்வியின் அளவும் அதுதானே! பயிற்சி மையக் குறிப்புகளை உருப்போடுவது எனக்கு ஒத்துவராது. யாராவது எதிர்த்துப் பேசினால்தான் மண்டையில் ஏறும்.

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் எழுதிய கொடைக் கோட்பாட்டுக்கு, அப்பாவின் மொய் நோட்டைப் பெயர்களை மறைத்துப் படமெடுத்துப் போட்டேன். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. வரிக்கு வரி ஊர், பெயர், தொகை. திருப்பிச் செய்த மொய்க்கு நேரே சிவப்பு மையில் ஒரு டிக். கொடுக்க வேண்டும், வாங்க மறுக்கக் கூடாது, திருப்பிச் செய்ய வேண்டும் என்ற மூன்று கடமைகளையும் கீழே எழுதினேன். அரூர் அத்தையிடமிருந்து குரல் பதிவு வந்தது: "திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும், அதை விட்டுவிட்டாயே. இதைச் சொல்ல ஒரு வெள்ளைக்காரன் வேண்டுமா?" கணக்கு நேராகிவிட்டால் உறவும் முடிந்துபோகும் என்பதால்தான் கூட்டி வைக்கிறார்கள். தேர்வில் அத்தையின் வாதத்தைத்தான் எழுதினேன்.

உறவுமுறைக்கும் இதே வழி. சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண் என்பது தருமபுரிப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் தமிழர் உறவுமுறையை அமெரிக்காவின் இராகுவா மக்களுடைய முறையோடு ஒப்பிட்டார் என்று எழுதியதும், "அப்படியானால் அவர்களும் தமிழர்களே" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கேலி செய்துவிட்டு நகர முடியவில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இந்த ஒற்றுமையை ஆதாரமாகக் காட்டியவர் மார்கனே. ஆனால் இராகுவா மக்களிடம் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இல்லை. அந்த வேறுபாட்டை விளக்கி விளக்கியே பெண் கொடுத்துப் பெண் எடுப்பதே உறவுமுறையின் அடிப்படை என்ற லூயி துய்மோனின் மண உறவுக் கோட்பாடு எனக்குப் பிடிபட்டது.

பதிவு போட நினைப்பவர்களுக்கு:

– சித்தேரி, சிட்லிங்கி மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைக் (கேரளத்தவர் அல்ல) கேட்காமல் படமெடுத்துப் போடாதீர்கள். "ஆதிவாசி வாழ்க்கை" என்று தலைப்பிட்டுப் பின்னணி இசை சேர்ப்பது மானிடவியல் அல்ல, வேடிக்கை.

– வாச்சாத்தியைத் தேதியோடு எழுதுங்கள்: 1992 ஜூன் 20இல் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினரின் வன்முறை, 2011இல் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்தியப் பழங்குடிகளைப் பற்றிக் கேட்கும் மானிடவியல் இரண்டாம் தாளுக்கு நம் மாவட்டத்திலேயே கிடைக்கும் சான்று இது.

– கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலக் கணிப்பு 2022இல் அறிவிக்கப்பட்டது. பெருமிதத்தைக் குறைத்து, காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்று சொல்லுங்கள்.

– எந்தச் சாதி பெரியது என்று ஆரம்பித்தால் கருத்துப் பெட்டியை மூடிவிடுங்கள்.

மரபியல் பகுதிக்கு மட்டும் இந்த வழி உதவாது. அதற்கு வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். ஹார்டி–வெயின்பெர்க் விதியை விளக்கிய பதிவுக்குக் குழுவில் வந்த ஒரே பதில், ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம்.